அக்காவுக்கு நான் மொழிபெயர்த்தது

பிரசங்க மேடையில் இரண்டு மைக் இருக்கும். ஒன்று பாஸ்டருக்கு, இன்னொன்று எனக்கு. அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் நான் அதைத் தமிழில் சொல்லிவிட வேண்டும். நான் முடிப்பதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது. பெங்களூரில் பாதி சபைகளில் இப்படித்தான் நடக்கிறது. தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன செய்வது? ஐந்து வருஷம் அந்த இரண்டாவது மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அக்கா செத்ததில் அந்த மைக்குக்குப் பங்கு உண்டு. இதை நான் யாரிடமும் சுற்றி வளைத்துச் சொன்னதில்லை, இங்கேயும் அப்படிச் சொல்லப்போவதில்லை.

எங்கள் சபை பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாரும் எங்களைப் போலக் கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடினபிறகு பிழைப்புத் தேடி வந்தவர்கள். கார்மெண்ட்ஸில் தைக்கிற பெண்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போகிற ஆண்கள். பழைய பாஸ்டர் தமிழிலேயே பிரசங்கம் பண்ணுவார், நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். அவர் உடம்பு முடியாமல் ஆம்பூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போனதும் புதியவர் வந்தார். பட்டாளத்துக்காரர் மகன், ஊர் ஊராக வளர்ந்தவர், தமிழ் அரைகுறை. அவருக்காகவே எலெக்ட்ரானிக் சிட்டி பிஜி ஹாஸ்டல்களிலிருந்து ஐடி கம்பெனிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் பழைய ஆட்களில் இங்கிலீஷ் சரளமாக வருகிறவள் நான் ஒருத்திதான். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

கள்ள உபதேசம் பண்ணுகிறவன் என்றால் பத்து விரலிலும் மோதிரம் போட்டுக்கொண்டு பெரிய காரில் வந்து இறங்குவான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த மனுஷன் பஸ்ஸில் வந்தார். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அவரே அடுக்குவார். யாருக்கு முட்டி வலி, யாருக்குப் பிரஷர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராத வாரம், தன் வீட்டிலிருந்து இரண்டு கேன் தண்ணீரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்து வைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வருவது தப்பாக இருக்கும் என்று நினைக்க மனசு வருமா? எனக்கு வரவில்லை.

கடவுள் நம் சுகத்தை விரும்புகிறார் என்றுதான் ஆரம்பித்தார். சரிதானே, எந்தத் தகப்பன் பிள்ளை நோயில் கிடக்க ஆசைப்படுவான்? பிறகு, விசுவாசம் இருக்கிற வீட்டில் நோய் தங்காது என்றார். அங்கே எனக்கு லேசாக உறுத்தியது, ஆனாலும் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை போடுகிற ஒவ்வொரு தடவையும் ஆண்டவரைப் பார்த்து 'உம்மால் ஆகாது' என்று சொல்கிறாய் என்றார். முன்வரிசையில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நாலு பேர் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'மாத்திரையை மட்டும் நம்பாதீங்க, அதைக் கொடுத்த ஆண்டவரையும் நம்புங்க' என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். ஆமென் கேட்டதும் பாஸ்டர் சந்தோஷமாக அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நாலு பேர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப்பின் அதுவே என் வேலையாகிவிட்டது. அவர் முரட்டுத்தனமாகச் சொல்வதை நான் இழைத்துக் கொடுப்பேன். அவர் வசனம் இல்லாமல் அடித்துவிடுகிற இடத்தில் நான் பொருத்தமான வசனம் ஒன்றைச் சேர்ப்பேன். 'நீங்க சொல்லும்போது அவரே தமிழ்ல பேசற மாதிரி இருக்குதும்மா' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்கள் உண்டு. தமிழ் ஆட்கள் அவரை நம்பியதற்குக் காரணம் அவர் இல்லை, நான். இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

வேறு ஒருத்திக்குச் சீக்கிரமே புரிந்தது. கம்பெனியில் வேலை செய்கிற மதுரைப் பெண், இரண்டு பாஷையும் தெரிந்தவள். ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, அவர் சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணா இருக்கே."

"ஆமா. நான் விலகிட்டா வேற எவனாவது வந்து அப்படியே சொல்லுவான். நான் இருந்தா பாதி விஷமாவது குறையும்ல?"

"பாதி விஷம்னா குடிக்கலாமா ஆன்ட்டி? கசந்தாத்தானே துப்புவாங்க? நீங்க சர்க்கரையப் போட்டுக் கலக்கிக் குடுக்குறீங்க."

போடி, நேற்றைக்கு வந்தவள் நீ, எனக்கு என் ஜனத்தைப் பற்றிச் சொல்ல வந்துட்டியா என்று மனசுக்குள் திட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து அவள் வரவில்லை. விவேக் நகர்ப் பக்கம் வேறு சபைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாமா செத்து வருஷக்கணக்காகிறது, பிள்ளைகள் இல்லை, எங்கள் வீட்டுக்கு எதிர் போர்ஷனில் தனியாக இருந்தாள். கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிற வேலை. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். கறிவேப்பிலை கொசுறு தராத காய்கறிக்காரனைக் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்து, நடுவில் உருதுவில் இரண்டு சேர்த்துக்கொள்வாள். இங்கிலீஷ் மட்டும் ஓர் எழுத்து தெரியாது. அம்மா போனபிறகு அவள் தைக்கப் போனதால்தான் நான் படிக்கப் போனேன். அதனால் நான் மேடையில் நிற்பது அவளுக்கு ஏதோ கலெக்டர் ஆன மாதிரி. முதல் வரிசையில் என் நேரே எதிரில்தான் உட்காருவாள். பாஸ்டரைப் பார்க்கவே மாட்டாள்.

அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. கொண்டைக்கடலை அளவுதான். கூட்டிக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். ஊசி குத்தி எடுத்து டெஸ்ட் பண்ணினார்கள். டாக்டர் அம்மாள் நல்ல மாதிரி. 'சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. ஆபரேஷன் பண்ணி மருந்து ஏத்திட்டா பிழைச்சுக்கலாம். தள்ளிப் போடாதீங்க, அவ்வளவுதான்' என்றார். புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். அக்கா வெளியே வந்து, 'கத்தின்னா பயமா இருக்குதுடி' என்றாள். அவள் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டருக்கு அவள் விஷயம் தெரியும். நான்தான் ஜெபிக்கச் சொல்லியிருந்தேன், புத்தி கெட்டவள். அன்றைக்கு அவர் பிரசங்கத்தின் நடுவில், ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுக்கிறவன் ஆண்டவரின் மேஜையை விட்டு இறங்குகிறான் என்றார். முதல் வரிசையில் அக்கா இருக்கிறாள். எனக்குக் கிடைத்தது அரை மூச்சு. அவளைப் பார்த்தே சொன்னேன்: 'எந்த மேஜையில படுத்தாலும் நான் உன் பக்கத்துலதான் நிக்கிறேன், பயப்படாதேன்னு ஆண்டவர் உனக்குச் சொல்றார்.'

தைரியமாகப் போய் ஆபரேஷன் மேஜையில் படு என்றுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து நேராக மேடைக்கு வந்துவிட்டாள். அவளுக்குத்தான் ஆண்டவர் சொல்லிவிட்டாரே. தனக்கென்று ஒரு வார்த்தை வந்ததும் முன்னால் போய் நிற்பதுதானே எங்கள் வழக்கம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். பாஸ்டர் அவள் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஜெபித்தவுடன் சாட்சி. அது அவர் கொண்டுவந்த பழக்கம். நோய் போனபிறகு சாட்சி சொல்வது யாராலும் முடியும், போவதற்கு முன்பே போய்விட்டது என்று சபை நடுவில் சொல்வதுதான் விசுவாசம் என்பார். சொன்னபிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆண்டவரைப் பொய்யராக்குகிறாய் என்பார். இதையும் நான் எத்தனையோ ஞாயிறுகளில் இழைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் மைக்கை அக்காவின் வாய்க்கு நேராக நீட்டி, என்னிடம் ஆங்கிலத்தில், கட்டி போய்விட்டது என்று அவளைச் சொல்லச் சொல் என்றார்.

அக்கா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சொல்லட்டுமாடி?"

ஹால் முழுக்கக் கை தூக்கி நிற்கிறது. கிடார் மெதுவாக வாசிக்கிறார்கள். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். "சொல்லு" என்றேன்.

"என் கட்டி போயிடுச்சு" என்றாள் அக்கா. கம்பெனிப் பிள்ளைகளுக்காக அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கிறவர்கள் 'அவள் சொல்கிறாள்' என்று சேர்க்கக் கூடாது, அவள் 'என்' என்றால் நானும் 'என்' என்றே சொல்ல வேண்டும். என் கட்டி போய்விட்டது என்று நானே சொன்னேன். கைதட்டல் அடங்க நேரமானது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைக்கப் போனேன். பையைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"எதுக்குடி இது? சபை முன்னாடி சாட்சி சொல்லிகினு, நாளைக்கிப் போயி கத்தி வெச்சிகினா என்னை இன்னான்னு சொல்லுவாங்க?"

"எவ என்ன சொன்னா உனக்கென்னக்கா? கட்டி இன்னும் இருக்குதா இல்லையா? கையை வெச்சுப் பாரு!"

"நான் கை வெச்சிப் பாக்கவே இல்ல. பாத்தா சந்தேகம்னு அர்த்தம். நீதானே மேலே நின்னுகினு சொன்ன? பயப்படாதேன்னு ஆண்டவர் சொல்றார்னு நீதானே சொன்ன?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அவர் அப்படிச் சொல்லவில்லை, நான் மாற்றினேன் என்று. ஆறே வார்த்தை. சொன்னால் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்பாளே, நாளைக்குத் தெருவில் என்னை எல்லாரும் என்னவென்று பார்ப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாகக் கத்தினேன், கெஞ்சினேன், சோறு தின்னாமல் கிடந்தேன். புதன்கிழமை அவள் தைக்கப் போய்விட்டாள்.

பாஸ்டரிடம் போனேன். பைபிளில் சாகக் கிடந்த ராஜாவுக்கே தீர்க்கதரிசி புண்ணின்மேல் அத்திப்பழ அடையைத்தானே கட்டச் சொன்னார், சுவிசேஷம் எழுதினவர்களில் ஒருத்தர் வைத்தியர்தானே என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். உங்களுக்குத் தலையில்தான் விசுவாசம் இருக்கிறது சிஸ்டர், இருதயத்தில் இல்லை என்றார். எனக்கு வந்ததே கோபம். "அப்ப நீங்க எதுக்கு மூக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. சரி, ஒரு அடி விழுந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு அவர் கண்ணாடி இல்லாமல் வந்தார். மாடிப்படியில் தடுக்கி விழுந்து, முழங்கை சிராய்ந்து, கையை நீட்டித் தடவிக்கொண்டே மேடைக்கு வந்து, என் விசுவாசக் குறையை ஒரு சகோதரி மூலமாக ஆண்டவர் உணர்த்தினார் என்று அழுதார். அதையும் மொழிபெயர்த்தவள் நான்தான். ஜனங்கள் உருகிப்போனார்கள். ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் எங்கேயாவது பிடித்திருக்கலாம். தான் சொல்வதை முழுசாக நம்புகிறவனை எங்கே பிடிப்பது?

சபைக் கமிட்டியில் இருந்த இரண்டு பேரிடம் முறையிட்டேன். ஒருத்தர் சிரித்தார். "அஞ்சு வருஷமா உங்க வாயாலதானேம்மா கேட்டோம்? அப்பல்லாம் வேதத்துக்குச் சரியா இருந்தது, உங்க வீட்டுக்கு வந்ததும் தப்பாப் போச்சா?" என்றார்.

கடைசியாக ஒன்று செய்தேன். ஒரு ஞாயிறு, அவர் சொன்னதை இழைக்காமல், சேர்க்காமல், அப்படியே சொன்னேன். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவன் சாத்தானிடம் கடன் வாங்குகிறான் என்றார். அப்படியே சொன்னேன். ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் அவிசுவாசத்தில் செத்தார்கள் என்றார். அந்த ஹாலில் புருஷனையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அப்படியே சொன்னேன். கசக்கும், துப்புவார்கள், எவராவது ஒருத்தர் எழுந்து 'இது என்ன பேச்சு' என்று கேட்பார்கள் என்று பார்த்தேன்.

ஆமென் என்றார்கள். எப்போதையும்விடச் சத்தமாக. இத்தனை வருஷம் நான் ஊட்டின சர்க்கரையில் நாக்குக்குக் கசப்பே தெரியாமல் போய்விட்டிருந்தது. முதல் வரிசையில் அக்காவும் கை தூக்கி ஆமென் என்றாள். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். ஒரு நிமிஷம்தான் தடங்கல். தமிழ் தெரிந்த கம்பெனிக்காரர் ஒருத்தர் ஏறி எடுத்துக்கொண்டார்.

பதினோரு மாதம் இப்படிப் போனது. நடுவில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. அக்கா துப்பட்டாவை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். கட்டி உடைந்து வாடை வந்தபிறகு லைனில் பக்கத்து மெஷின்காரி எழுந்து தள்ளி உட்கார்ந்தாளாம். அந்த அவமானம்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது, நான் இல்லை. அதே டாக்டர் அம்மாள் பார்த்துவிட்டு, அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, "படிச்சவங்கதானே நீங்க?" என்றார். இனி வலி தெரியாமல் வைத்துக்கொள்வதைத் தவிர ஒன்றும் இல்லை என்றார்.

வார்டில் அக்கா அழவில்லை. கட்டு மாற்ற அவளைத் தூக்கி மேஜையில் போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதையே முணுமுணுத்தாள். எந்த மேஜையில் படுத்தாலும் நான் உன் பக்கத்தில் நிற்கிறேன், பயப்படாதே. கட்டைப் பிரிக்கும்போது பக்கத்துக் கட்டில்காரிகள் அலறுவார்கள், இவள் இதைச் சொல்லிக்கொண்டே தாங்கிவிடுவாள். ஒருநாள் மத்தியானம் பார்க்கிற நேரத்தில் நான் போனபோது, எதிர்க் கட்டில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க பாஸ்டர் மூலியமா ஆண்டவர் எனக்குன்னே குடுத்த வாக்குத்தத்தம்மா இது. அவர் நல்லா இருக்கணும். இது இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பேன்."

அவர் நல்லா இருக்கணுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கொன்றவனுக்கு ஆசீர்வாதம். அந்த வார்த்தை என்னுடையது, என் அரை மூச்சில் பிறந்தது, அது போயும் போயும் அந்த மனுஷன் பேரில் போய்ச் சேர்வதா? உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னதாக இப்போது என்னால் கதை கட்ட முடியும். இல்லை. ஆத்திரத்தில்தான் சொன்னேன்.

"அக்கா, அதை அவர் சொல்லலை. ஆபரேஷன் பண்ணிக்கிறவன் ஆண்டவரை விட்டுப் போறான்னுதான் அந்த ஆள் சொன்னான். பயப்படாதேன்னு நான்தான் சேர்த்துச் சொன்னேன்."

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நீ சொன்னதா?"

"ஆமா."

"அப்ப ஆண்டவர் எனக்கு ஒண்ணும் சொல்லலியா?"

வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. ஐந்து வருஷம் அரை மூச்சில் பதில் தேடிப் பழகின வாய் அது. அக்கா மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கட்டு மாற்றும்போது அவள் கத்தினாள். வார்டு முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஜெபம் பண்ண வருகிற கன்னடக்கார அம்மா ஒருத்தர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, அதைத் தமிழில் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார். அக்கா கையைத் தட்டிவிட்டாள். "வேணா. இவ சொல்ல வேணா" என்றாள். அவளுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும்.

நான் சொன்ன ஒன்பதாம் நாள் காலையில், கட்டு மாற்றுகிற மேஜையிலேயே உயிர் போனது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கடைசியில் என் கையைப் பிடிக்கத் தேடுகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.